ஊட்டாத கை

எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாருக்கும் ஊட்டிவிடுவதில்லை. பண்டிகை நாளில் ஒரு துண்டு இனிப்பைக்கூட அடுத்தவர் வாயில் வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஈரமில்லாத வீடாகத் தெரியலாம். ஏன் இப்படி ஆனோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் என்றால் எனக்குப் போன் வருகிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் உண்மையில் சொல்ல நினைப்பது வேறு. போனில் அதைச் சொன்னால் பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன். மத்தூர்க்காரியான சுமதியைக் கட்டிக்கொண்டு இங்கேயே நிலைத்துவிட்டேன். ஒரே மகள், பவித்ரா. அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது சூளகிரியில் ஒரு சின்ன வீடு கட்டி முடித்தோம். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்ததும், அது பவித்ராவின் மாதவிலக்கு நாட்களில் வருவதைச் சுமதி கணக்குப் பார்த்துச் சொன்னாள். பால் காய்ச்சும்போது பெற்ற பெண் பக்கத்தில் நிற்காமல் எப்படி? தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி வந்து கொடுத்தாள். டாக்டரைக் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எனக்கும் தெரியும், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

விழாவுக்கு முன்பே பவித்ராவுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். வெயில் என்றோம். விழா முடிந்த மறுநாள் காலை, பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்தவளின் வலது கை தானாக உதற ஆரம்பித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கை பாருங்கப்பா" என்றாள். அடுத்த நிமிடம் முகம் ஒரு பக்கமாக இழுத்து, கீழே சாய்ந்துவிட்டாள்.

"வலிப்புடி! இரும்பு குடு, இரும்பு குடு!" என்று சுமதியின் அக்கா சரோஜா ஓடிவந்தார். மத்தூரிலிருந்து விழாவுக்கு வந்து தங்கியிருந்தார். கைக்குக் கிடைத்தது புதுவீட்டின் சாவிக்கொத்து. அதைப் பவித்ராவின் வலது கையில் திணித்து அழுத்தினார். விரல்கள் அதன்மேல் இறுகிக்கொண்டன. ஓசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் சாவியை எடுத்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாளுக்கு அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை.

வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டாலே போதும் என்று பிறகு அங்கிருந்த டாக்டர் சொன்னார். தெரியாதவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்தால் பக்கவாதம் என்று நான் படித்திருக்கிறேன். பவித்ராவுக்கு நடந்தது அதன் மறுபக்கம். மூளையிலிருந்து ரத்தம் திரும்பி வெளியேறும் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்துபோயிருந்தது. வடிகால் அடைத்த வீட்டில் தண்ணீர் தேங்குவதுபோல் ரத்தம் உள்ளே தேங்கி, இடதுபக்க மூளையில் ஓர் இடம் வீங்கிக் கசிந்திருந்தது. உடம்பின் வலது பக்கத்தை நடத்துவது இடதுபக்க மூளைதான்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

சுமதி சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. விசேஷ வீட்டுல தண்ணி சரியா குடிச்சிருக்க மாட்டாங்க. ரத்தமே சீக்கிரம் உறையற தன்மையா இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். ஆனா இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

கடைசி வாக்கியம் மட்டும்தான் சுமதியின் காதில் விழுந்தது. இன்றுவரை அது மட்டும்தான் விழுந்திருக்கிறது.

பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் மாநில எல்லையில், அத்திப்பள்ளியில், லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. இருபது வருடமாக நான் திட்டிக்கொண்டே கடக்கும் இடம். அன்று திட்டத் தெம்பில்லை. ஓட்டுநர் சைரனை நிறுத்தி நிறுத்திப் போட்டார். பவித்ராவின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சூடாக இருக்கிறதா என்பது ஒன்றுதான் அப்போது நான் பார்க்க முடிந்த சோதனை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீண்ட கூடம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுகிற குடும்பங்கள் பாயும் ஃபிளாஸ்க்குமாக அங்கே கிடந்தன. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நிற்போம். யாருடைய பெயரைக் கூப்பிட்டாலும் முதலில் பயம்தான் வரும். ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள், வலிப்பு வராமலிருக்க மருந்து கொடுத்தார்கள். மண்டையைத் திறக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீக்கம் தானாக வடிந்ததால் அது தேவைப்படவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு வெளியே கொண்டுவந்தபோதுதான் பவித்ரா வலிப்புக்குப் பிறகு முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, "உங்க... பிரஸ் ஷாப் மாதிரி... சத்தம்பா" என்றாள். அந்த மெஷினுக்குள் படுத்தால் எங்கள் தொழிற்சாலையில் தகரத்தை அடிப்பதுபோல் சத்தம் கேட்குமாம். நான் சிரித்தேன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சு மெல்ல மெல்லச் சரியானது. காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தாள். கை மட்டும் வரவில்லை. தோளை அசைப்பாள், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவாள், விரல்கள் மடியில் செத்தவைபோல் கிடக்கும்.

அப்போதுதான் ஊட்டல் ஆரம்பித்தது. அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. தட்டு வந்தது, வலது கை வரவில்லை, சுமதி பிசைந்து ஊட்டினாள். இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சாம்பார் ஒழுகாமல், அவள் விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த வாய். நான் லீவு முடிந்து ஷிஃப்ட்டுக்குப் போய்வர ஆரம்பித்திருந்தேன். நான் இருக்கும் நேரத்தில் நான் ஊட்டினேன். சரோஜா அக்கா மத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து ஊட்டினார். அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் யார் யாரோ செய்கிறார்கள். பெற்றவர்களுக்கு மிஞ்சுவது ஒரு கவளம் சோறு.

இதற்குள் பவித்ராவின் இடது கை கெட்டிக்காரக் கையாகிவிட்டது. பல் தேய்த்தது. தலை வாரியது. ஹூக்கைப் போட்டது. செல்போனில் இடது கட்டைவிரலால் தோழிகளுக்கு மடமடவென்று எழுதியது. "பாருங்கப்பா, பழைய ஸ்பீடு வந்துடுச்சு" என்றாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் அந்தக் கையை அவள் கொண்டுபோகவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் யாரோ ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சாப்பிடுவதைக் காட்டி, நீயும் அப்படிச் செய்யேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

"கழுவற கையாலயா? ச்சீ, போங்கப்பா" என்றாள்.

"என்னாத்துக்குத் தம்பி புள்ளைய அப்டிச் செய்யச் சொல்றீங்க? நாங்க இல்லியா ஊட்டி வுட?" என்றார் சரோஜா அக்கா.

அடுத்த வாரம் கைப்பயிற்சிக்கென்று ஷில்பா என்ற தெரபிஸ்ட் வந்தார். பெங்களூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். கன்னடம் கலந்த தமிழ். வந்தவுடன் பவித்ராவின் வலது கையைத் தொடவில்லை. கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கல்லூரி, பஸ், படிப்பு என்று ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். பேச்சுக்கு நடுவில் பவித்ராவின் துப்பட்டா வலது பக்கம் சரிந்தது. வலது கைவிரல்கள் லேசாக மடங்கி அதைத் தடுக்கப் போயின. பாதியிலேயே இடது கை குறுக்கே வந்து துப்பட்டாவை இழுத்துவிட்டது.

"நோடி சார், பாத்தீங்களா? கை வருது. ஆனா இந்த இடது கை அதுக்கு வேலை குடுக்கல" என்றார் ஷில்பா.

பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். மூளையில் கைவிரல்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. பவித்ராவுக்கு அதில் ஒரு பகுதி போய்விட்டது. போன செல்கள் திரும்பி வராது. ஆனால் சுற்றியிருக்கும் செல்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். புதிதாக இணைப்புப் போட்டுக்கொள்ளும். மூளை அடிபட்ட முதல் சில மாதங்களில் அதற்கு ரொம்பத் தயாராக இருக்கும். ஆனால் சும்மா கற்றுக்கொள்ளாது. கை திரும்பத் திரும்ப ஒரு வேலையைச் செய்யப் பார்த்து, தோற்று, மறுபடி செய்யப் பார்க்க வேண்டும். கை எதையும் கேட்காவிட்டால், இது தேவையில்லாத கை என்று மூளை முடிவு செய்துவிடும். அந்த இடத்தை வேறு வேலை எடுத்துக்கொள்ளும்.

"இப்ப விட்டுட்டா, அப்புறம் கை இருக்கும் சார். தலைக்குள்ள கைக்கு இடம் இருக்காது."

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் அதன் வேலையைப் பக்கத்து மெஷினுக்கு மாற்றிவிடுவோம். உற்பத்தி நிற்காது. அது ஒழுங்காக நடக்க நடக்க, நின்ற மெஷினைச் சரிசெய்ய யாருக்கும் அவசரமிருக்காது. கொஞ்ச நாளில் அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். அப்புறம் அதிலிருந்தே போல்ட்டும் பெல்ட்டும் கழற்றி வேறு மெஷினுக்குப் போட்டுக்கொள்வார்கள். பிறகு யார் வந்தாலும் அதை ஓட்ட முடியாது.

"நீங்க என்ன சாப்பாடு குடுக்கறீங்க? யார் குடுக்கறாங்க?" என்று ஷில்பா கேட்டார்.

"நான்தான் ஊட்டறன்" என்றாள் சுமதி, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

"இனிமே ஊட்டறது பேடாம்மா."

சுமதிக்குப் புரியவில்லையோ என்று நினைத்து ஷில்பா தமிழில் சொன்னார். "வேணாம்மா. மத்த பேஷன்ட்டுக்கெல்லாம் நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டுவோம், அது போய் வேலை செய்யாம இருக்க. பல் தேய்க்க, தலை வார இவங்களுக்கும் கட்டணும். ஆனா சாப்பாட்டுக்குக் கட்டவே வேணாம். இடது கையை இவங்களே தட்டுகிட்ட விட மாட்டாங்க. எனக்கு இது பெரிய அதிர்ஷ்டம். பசி இருக்குது, தட்டு இருக்குது, வேற கை இல்ல. இந்தக் கைதான் வந்தாகணும். அதை வர விடாம நடுவுல நிக்கறது நீங்கதான். உங்க கையைத்தான் கட்டணும்."

பவித்ரா மட்டும் சிரித்தாள். "அப்ப எல்லாருக்கும் உறை வாங்கிட்டு வாங்க மேடம், சைஸ் சொல்றேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பயிற்சி அறை நினைவுக்கு வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளை நேராக லைனில் நிறுத்த மாட்டோம். ஒரு பலகையில் துளைகள் இருக்கும். சின்னச் சின்ன இரும்பு ஊசிகளைப் பார்க்காமலேயே துளையில் போட விரல் பழகும்வரை அங்கே உட்காரவைப்போம். முதல் நாள் எல்லாவற்றையும் கீழே கொட்டுவார்கள். சில பெண்கள் அழுதுவிடுவார்கள். பயிற்சியாளனுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கை முன்னால் இருந்தால் உதவப் போய்விடும். நீ போட்டுக்காட்டினால் உன் கைதான் கற்றுக்கொள்ளும் என்று எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார். எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அப்படி நின்றிருக்கிறேன். நான் பெற்ற பிள்ளைக்கு முன்னால் நிற்கத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் தட்டில் சோறும் ரசமும். பவித்ரா வலது கையைத் தோளிலிருந்து தூக்கித் தட்டில் போட்டாள். விரல்கள் சோற்றுக்குள் கிடந்தன. கூட்டப் பார்த்தாள், பருக்கைகள் பரவின. கையைத் தூக்கியபோது ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடியும் செய்தாள். ரசம் மணிக்கட்டு வழியாக நைட்டியில் ஒழுகியது. நான் ஜன்னலோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பசிக்குதும்மா. ஒரே ஒரு வாய் குடும்மா" என்றாள். சுமதி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"பெத்த புள்ளைய பட்டினி போட்டு வேடிக்க பாக்கறீங்களே, இது என்னா வைத்தியம்?" என்றார் சரோஜா அக்கா. "அந்தப் பொண்ணு சொன்னா நீங்க கேட்டுக்கறதா? கை அதுபாட்டுக்கு வரப்ப வரும் தம்பி. வவுறு காஞ்சா உசுரு நிக்குமா?"

அவர் சொன்னதைத்தான் என் மனமும் சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டினி போடவில்லை. ஷில்பா சொன்னபடி முயற்சி முடிந்த பிறகு கஞ்சியோ பாலோ டம்ளரில் கொடுத்தோம். ஆனாலும் பவித்ராவின் முகம் வற்றிக்கொண்டு வந்தது. கையில் மாற்றமில்லை. நாலைந்து நாள் கழித்து ஷிஃப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உடை மாற்றுகிறார்கள் என்று நினைத்து வெளியே நின்றேன். உள்ளே ஸ்டீல் டிபன் பாக்ஸின் சத்தம். திரையை விலக்கினேன். சுமதி ஊட்டிக்கொண்டிருந்தாள். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைபோல் வாயைத் திறந்துவைத்திருந்தாள்.

சுமதியை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குரலை அடக்கத்தான் நினைத்தேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு அவ்வளவு சொல்லுச்சே. இப்ப விட்டா கை வராதுன்னு சொல்லுச்சே. உனக்குப் புரியலையா?"

"எனக்குப் புரியுது" என்றாள் சுமதி. "உங்களுக்குத்தான் புரியல. மாத்திரைய வாங்கினு வந்தது நானு. பாலு டம்ளரோட கொண்டுபோயி, முழுங்கிட்டியா, வாயத் தொறந்து காட்டுன்னு கேட்டது நானு. இந்தக் கையாலதான் குடுத்தன். இந்தக் கையால ஒரு வாய் சோறு கூடக் குடுக்கக் கூடாதுன்னா, அப்புறம் நான் எதுக்கு அங்க ஒக்காந்துனு இருக்கறன்? சொல்லுங்க."

படியில் ஏறி இறங்குகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆஸ்பத்திரியில் அழுகிறவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரை விஷயம் எனக்கும் தெரியுமே என்று சொல்லியிருக்கலாம். அன்று அதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஷில்பா வந்ததும் சுமதியே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. "எல்லா அம்மாவும் செய்றாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"களிதான் மேடம். கேவுரு களி. இவரு தெக்கத்திக்காரரு, இவருக்கு எறங்காது. அதனால வூட்ல செய்றதில்ல."

"முத்தெயா?" கன்னடத்தில் களிக்கு அதுதான் பெயர். ஷில்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, அதைச் சொல்லலியே! சோறு உதிரும். முதல்ல கத்துக்கற கைக்கு அது ரொம்பக் கஷ்டம். முத்தெ ஒரே கட்டியா இருக்கும். விரலைப் போட்டு அழுத்தினா ஒட்டும், கிள்ளினா வரும். மெல்லக்கூட வேணாம், அப்படியே முழுங்கலாம். எதிர்ல மெஸ்ஸுல கிடைக்குது."

"மெஸ் களி கல்லாட்டம் இருக்கும்" என்றாள் சுமதி. குரல் மாறியிருந்தது. "நான் கிண்டறன். எந்தப் பதத்துல வேணும்னு சொல்லுங்க. கையில ஒட்டணுமா, ஒட்டாம வரணுமா?"

ஆஸ்பத்திரிக்கு அருகில் நோயாளிகளின் உறவினர் தங்கும் விடுதியில் ஒரு பொதுச் சமையலறை இருந்தது. மறுநாள் சரோஜா அக்கா ஊரிலிருந்து கேழ்வரகு மாவும் களி கிண்டும் துடுப்பும் கொண்டுவந்தார். அதுவரை எங்களை ஏசிக்கொண்டிருந்தவர், "சுடுதண்ணி கொஞ்சம் கூட வுடுடி, புள்ள வெரலுக்கு எளகலா இருக்கட்டும்" என்று தங்கைக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

தட்டில் களியைப் பார்த்ததும் பவித்ரா, "என்னப்பா இது, ஜெயில்லயா இருக்கேன்?" என்றாள். பிறகு கையைத் தூக்கிக் களிமேல் போட்டாள். விரல்கள் அழுந்தின. குழி விழுந்தது. கையை இழுத்தபோது ஆள்காட்டி விரலில் ஒரு சுண்டைக்காய் அளவு ஒட்டிக்கொண்டு வந்தது. அது எப்படி வந்தது என்று தெரியாமல் அவளே அதைப் பார்த்தாள். வாய்வரைக்கும் கை போகவில்லை. குனிந்து, வாயை விரலிடம் கொண்டுபோய் நக்கிக்கொண்டாள். குழம்பு தொடாமல், வெறும் களி. யாரும் கைதட்டவில்லை. சுமதி தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பவித்ராவின் கை தட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய விரல்கள் தாமாகக் குவிந்துகொண்டிருந்தனவாம். ஊட்டி ஊட்டி அந்தக் கையும் ஒன்றைக் கற்றுவைத்திருந்தது. அதை மறக்கடிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. களியைக் கிள்ளி எடுக்கும் அளவுக்கு விரல்கள் வரப் பல வாரமாயிற்று. இட்லி அதற்கும் பிறகு. நல்ல கைக்கு உறை போட்டுவிட்டால் கழிப்பறைக்குப் போகும்போதுதான் கழற்றுவோம். அந்த உறையை வெறுத்து ஒருநாள் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். கீழே போய் எடுத்துவந்தேன். ஷில்பா கொண்டுவந்த பயிற்சிச் சாமான்களில் துளை போட்ட பலகையும் ஊசிகளும் இருந்தன. எங்கள் பயிற்சி அறையில் இருக்கும் அதே பலகை, கொஞ்சம் சின்னது. என்னிடம் பழகும் பிள்ளைகள் அதைச் சில நாட்களில் தாண்டிப் போய்விடுவார்கள். என் மகள் இன்னும் தாண்டவில்லை.

சூளகிரி வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். வீடு ராசியில்லை, ஒரு பரிகாரம் செய்யுங்கள் என்று சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். பவித்ரா படிப்பை நிறுத்திவைத்திருக்கிறாள். ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறாள். அதைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், சுமதி அந்த டப்பாவைத் தொடுவதில்லை. மாதாமாதம் பெங்களூர் போய்வருகிறோம். கையெழுத்து முதல் வகுப்புக் குழந்தையுடையதுபோல் பெரிது பெரிதாக வருகிறது. வலது கையால் வாசல் பூட்டில் சாவியைப் போட்டுவிடுகிறாள், திருப்ப முடியவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கும் வருவதில்லை. பந்தியில் சோறு சிந்துவதைப் பக்கத்திலிருப்பவர்கள் பார்ப்பார்களாம். இனி வரப்போவது வருமா, இவ்வளவுதானா என்று கேட்டால், செய்துகொண்டே இருங்கள் என்கிறார் டாக்டர். அது பதிலில்லை என்று அவருக்கும் தெரியும்.

தூக்கத்தில் அவள் புரண்டு படுத்தால்கூட எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கை உதறுகிறதா என்று காத்திருக்கிறேன். அவளுடைய மூளையைப் பற்றிச் சொன்னது எனக்கும் பொருந்தும்போலிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தது படிந்துவிடுகிறது, பயமும்தான்.

போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: நோயாளிக்காக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். டாக்டரிடமும் தெரபிஸ்டிடமும் கேட்டுக்கொண்டு, அந்தக் கை செய்யக்கூடியதை அதற்கு விட்டுவிடுங்கள். விட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் என்னால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

போன வாரம் பகல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பவித்ரா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். களிதான். நான் வந்ததை அவள் பார்க்கவில்லை. சுமதி சமையலறையில், மகளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்தபடி இருந்தன. நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தரையில் ஏதோ சொத்தென்று விழுந்தது.

"வுழுந்துடுச்சாடி?" என்றாள் சுமதி, திரும்பாமல்.

"ம்."

"எடுக்கட்டா?"

"வேணாம்மா. அங்கியே நில்லு."

அவள் அங்கேயே நின்றாள். தட்டு தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் சொத்தென்று விழுந்தது. இந்த முறை சுமதி கேட்கவில்லை.